மாமனார் அனுப்பிய மண்

மார்ச் 3

மாமனார் பேருந்தில் மண் அனுப்பியிருக்கிறார். புது வாளி, வாய்க்குத் துணி கட்டி. மண் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இவ்வளவு அழகான மண்ணைப் பார்த்ததில்லை. கறுகறுவென்று, பொலபொலவென்று.

விதிப்படி நானே வயலுக்குப் போய்த் தோண்டி எடுத்திருக்க வேண்டும். போனால் மூன்று மணி நேரம் பேசுவார். 'நீங்களே அனுப்பிடுங்க மாமா' என்று சொல்லிவிட்டேன்.

அவர் கேட்பது ஒன்றுதான்: வயலில் அடிக்கும் களைக்கொல்லி கிணற்றில் இறங்குகிறதா? வீடே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அடுத்த மாதம் விடுமுறைக்குப் போய் என் மகளும் குடிப்பாள்.

மார்ச் 4

சல்லடையில் முட்டை ஓடு, தேயிலைச் சக்கை. வயலில் யார் ஆம்லெட் போட்டது? சிரித்துவிட்டு ஒதுக்கினேன்.

மார்ச் 5

கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, மேலே களைக்கொல்லியை ஊற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறேன். மண் பிடித்துக்கொண்டால் கீழே பாட்டிலில் வெறும் தண்ணீர் வரும். விட்டுவிட்டால் மருந்தும் கூடவே வரும்.

மார்ச் 12

ஒரு வாரம் ஆயிற்று. வெறும் தண்ணீர்! உடனே போன் செய்தேன்.

"மாமா, உங்க மண்ணு உடும்புப் பிடியா பிடிச்சிருக்கு. தைரியமா குடிங்க."

"நீங்க படிச்ச படிப்பு வீண்போகல மாப்பிள்ளை."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் வரை தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 14

மிச்ச மண்ணை வீட்டுச் செடிக்குப் போடலாம் என்று எடுத்துவந்தேன். மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முட்டை ஓடு, தேயிலைச் சக்கை... எங்கம்மாவோட ரோஜாத்தொட்டி மண்ணு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

உடனே மாமனாருக்குப் போன் போட்டேன்.

"வயல் மண்ணு பாக்க நல்லாவா இருக்கு? வெறும் மணலு, வெளிறிப்போய்க் கிடக்கு. மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போறது, நாலு பேரு பாப்பாங்க. அதையா அனுப்புவாங்க?"

திட்ட வாயெடுத்தேன். முட்டை ஓட்டைப் பார்த்துச் சிரித்தது யார்? மட்கு நிறைந்த தொட்டி மண் எந்த மருந்தையும் பிடித்துக்கொள்ளும் என்று தெரியாதா எனக்கு? ஐயோ, தைரியமா குடிங்கன்னு வேற சொல்லித் தொலைச்சேனே. எனக்கு என்ன கேடு வந்துச்சு?

மார்ச் 16

போனேன். தோண்டினேன். கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில் எடுத்தேன். மூன்று மணி நேரம் பேசினார்.

மார்ச் 19

இரண்டாம் நாளே பாட்டிலில் மருந்து வந்துவிட்டது. அந்த மணல் எதையும் பிடித்து வைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிறது, குடிக்கத் தகுந்த அளவைப்போல மூன்று மடங்கு.

சொன்னேன். போனில் மாமனார் நம்பவில்லை.

"போன வாரம் நல்லா இருந்துச்சே?"

"அது ரோஜாத்தொட்டி மாமா."

"பேத்தி வரும்போது கேன் தண்ணி வாங்கி வெச்சிடறேன்."

"நீங்களும் அத்தையும் இன்னைக்கே அதைக் குடிங்க."

டக்கென்று போனை வைத்துவிட்டார். கோபமா, பயமா? எனக்குப் பயம்தான்.

ஏப்ரல் 21

மகள் போனில் சொன்னாள்: தாத்தா மருந்தடிப்பதை விட்டுவிட்டாராம். கையால் களை பிடுங்குகிறாராம். ஒவ்வொரு களைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாராம். கேன் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதற்கும் என்னைத்தான்.

திட்டட்டும்.

ஜூலை 2

மாமனார் மாதாமாதம் அனுப்பும் பாட்டில் இன்றும் பேருந்தில் வந்தது. கலங்கல் தண்ணீர், உள்ளே ஓர் இலை, ஒரு செத்த எறும்பு. கூடவே சீட்டு: 'கிணத்துத் தண்ணி. வடிகட்டல. இருக்கறது இருக்கறபடி.'

சோதித்துவிட்டுப் போன் செய்தேன். போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, குடிக்க இன்னும் ஆகாது என்றேன்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு எதையும் குறைச்சுச் சொல்லலையே மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"அப்ப சரி."

வைத்துவிட்டார். மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை.