கம்ப்யூட்டருக்கு முன்னால் நான்

என் அன்பு வக்கீல் அண்ணனுக்கு,

உங்கள் ஆபீசில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல, உங்களுக்குப் பின் இங்கே வக்கீலாக இருக்கும் உங்கள் மகள் ஸ்டெல்லா வாங்கிய கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறது. எவன் மேல் எனக்கு வயிற்றெரிச்சலோ அவனிடமே கடிதம் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு டைரி எதற்கு? "ஏலே சவரி, சின்னாளப்பட்டி நெசவுக்காரர் கேசு என்னைக்குடா?" என்று கோட்டை மாட்டிக்கொண்டே கத்துவீர்கள். எழுத்தே தெரியாத நான் உள்ளேயிருந்து வாய்தா தேதியைச் சொல்வேன். போன வாய்தாவில் எதிர்க்கட்சி வக்கீல் குடையை மறந்துவிட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்வேன். அந்தக் குரலை இனி யார் கேட்பது?

போன மாதம் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் விற்பவர் ஒருவர் இரண்டு கம்ப்யூட்டரும் இரண்டு சாப்ட்வேரும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ஸ்டெல்லா விட்டாளா? "நெட்டு இல்லாட்டி ஓடுமா? நாளைக்கு ஒங்க சாப்ட்வேருக்கு மாச வாடகைய நிறுத்திட்டா எங்க கேசுக்கட்டு எங்க கைக்கு வருமா?" என்று மடக்கினாள். கட்சிக்காரர் கட்டு ஒரு ராத்திரி கூட வெளியே தங்கக் கூடாது என்பீர்களே, அதே கேள்விதான். முதல் சாப்ட்வேருக்கு அவர் தலையைச் சொறிந்தார். அப்பாடா என்று இருந்தது. இரண்டாவதில் எல்லாக் கட்டையும் நம் பெட்டியிலேயே இறக்கிக் காட்டிவிட்டார்.

விடுவேனா? அவள் முன்பே ஏற்றச் சொல்லியிருந்த கன்னிவாடிக் கிணற்று வழக்கைக் கேட்டேன். ஒரு தேதியாவது பிசகட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். பாவி, அத்தனை வாய்தாவையும் வரிசையாக ஒப்பித்தது. ஸ்டெல்லா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! முன்பு நான் சொல்லும்போது உங்கள் முகத்தில் வருமே, அதே வெளிச்சம்.

இனி இந்த ஆபீசில் எனக்கு என்ன வேலை? தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அப்போது அவள் கம்ப்யூட்டர்களில் விலை கூடினதைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அம்புட்டு வெல எதுக்கும்மா?"

"இதுல வெரல் வச்சாத் தெறக்கும், சித்தப்பா. நான் கோர்ட்டுக்குப் போயிட்டா வர்றவுகளுக்கு வாய்தா சொல்றது யாரு? நீங்கதான?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அது வாசிச்சுச் சொல்லும். நீங்க தெறந்து விடுங்க, போதும்."

வாழ்நாளெல்லாம் கைநாட்டு என்று கேலி வாங்கிய பெருவிரலை அதில் வைத்தேன். திறந்துகொண்டது. பழக்கதோஷம், விரலைத் தலைமுடியில் துடைத்தேன். "மை ஒட்டாது சித்தப்பா!" என்று அவள் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டதா?

ஆனாலும் பொறாமை போகவில்லை அண்ணே. நேற்று வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணே, நம்ம கேசு என்னைக்கு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மனசிலிருந்து தேதியைச் சொல்லி முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியில் விரலை வைத்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. சொல்லட்டுமே!

உங்கள் நாற்காலியைத் தொட்டுச் சொல்கிறேன்: நான் இருக்கும்வரை இந்த ஆபீசில் அது எனக்கு அடுத்துத்தான் வாய் திறக்கும்.

அதற்கு மூத்தவனும்
உங்களுக்கு இளையவனுமான,
உங்கள் சித்தப்பா மகன் சவரிமுத்து