இருமலுக்குக் கொடுத்த காப்பி

அன்பு மகள் மைஸூனுக்கு,

அல்லாவின் சாந்தி உன் மேலயும் மாப்பிள்ளை மேலயும் குட்டி லீன் மேலயும் இருக்கட்டும். இங்க நானும் உன் அம்மாவும் உசிரோட இருக்கோம், எழுந்து நடமாடுறோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுதினா நீ நம்பவும் மாட்டே, எனக்கு எழுதவும் கை வராது. நீங்க மூணு பேரும் அந்தக் குளிர்ல உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லபடியா இருக்கீங்கன்னு நம்பிக்கிட்டிருக்கோம். போன்ல பேசாம இந்த வயசுல எதுக்குப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காருன்னு நினைப்பே. போன்ல பேசினா உன் அம்மா காதுல விழும், அதோட இது சொல்லிட்டு மறந்துபோற விஷயம் இல்ல, எழுத்துல உன் கையில இருக்கணும். பக்கத்து வீட்டு ஸல்வாவோட புருஷன் வர்ற செவ்வாய்க்கிழமை பெர்லினுக்குக் கிளம்புறான், அவன்கிட்ட ஒட்டிக் கொடுத்து விடுறேன், பிரிச்சுப் பார்க்கிற புத்தி அவனுக்கு உண்டு, அதனால நல்லா ஒட்டுறேன்.

மழை இந்த வருஷமும் ஏமாத்திடுச்சு. ஆலிவ் காய் கொண்டக்கடலை அளவுக்குத்தான் வந்திருக்கு, தக்காளிக்குக் கிணத்துத் தண்ணி பத்தல. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம், மருந்து சாப்பிடுறாளான்னு எனக்குத் தெரியாது, ஏன்னா அவ என்கிட்ட பேசி இருபத்து மூணு நாள் ஆச்சு. சாப்பாடு வைக்கிறா, துணி மடிச்சு வைக்கிறா, பேச்சு மட்டும் இல்ல. நீ போன் பண்ணுறப்ப அவ சிரிச்சுப் பேசுறது உனக்காக, அதைக் கேட்டு ஏமாந்துடாதே. தப்பு என்னோடது. அதைத்தான் எழுத வந்தேன், மழையையும் ஆலிவையும் சொல்லிச் சுத்திக்கிட்டிருக்கேன்.

போன குளிர்காலத்துல, உன் தம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போன அந்த ஆட்சி விழுந்த பிறகு, உளவுத்துறைக் கட்டடத்துல சிதறிக் கிடந்த தாளுங்கள்ல ஒண்ணு நம்ம கைக்கு வந்ததை உனக்குச் சொல்லியிருந்தேன். உன் தம்பி குதைபா வீட்டுல ஆயுதக்காரங்களை ஒளிச்சு வெச்சிருக்கான், காலையில ஆறரை மணிக்குச் சிவப்பு மோட்டார் சைக்கிள்ல தானியக் கிடங்கு சோதனைச் சாவடி வழியாப் போவான், வலது கை சுட்டுவிரல்ல தழும்பு இருக்கும், இப்படி ஒருத்தன் எழுதிக் கொடுத்திருந்தான். அடியில பேரு இல்ல. பேரு எதுக்கு, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா. முப்பது வருஷமா நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணிக்கு முறைப்பட்டியல் எழுதிச் சுவத்துல ஒட்டுற ஜத்தூவோட கையெழுத்து. உன் கல்யாண அழைப்பை எழுதினதும் அந்தக் கைதான், நீகூட என்ன அழகா எழுதியிருக்காருன்னு சொல்லி ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டே. தக்காளி நாத்து வாங்கப் போன பிள்ளை பன்னிரண்டு வருஷமாத் திரும்பல, எலும்பும் வரல. அந்தத் தாளைத் தெரா நகரத்துல இருக்கிற விசாரணை அலுவலகத்துல கொடுத்து ஃபைல் திறந்தோம். அங்க இருக்கிற வக்கீல் பொண்ணு தெளிவாச் சொன்னா, இந்த ஊர்ல இன்னும் பதினெட்டு வீட்டுக்காரங்க ஜத்தூ மேல சொல்றாங்க, எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்துல இருக்கிற ஒரே ஆதாரம் உங்க தாள்தான், உங்க ஃபைல் நின்னா அவங்களதும் நிக்கும், உங்களது மூடினா அவங்களதும் காத்தோட போகும்னு சொன்னா.

மூணு வாரத்துக்கும் மேல ஆச்சு, ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு அப்புறம், ஊர்ல சமரசம் பேசி வைக்கிற ஹாஜி ஷிப்லி பத்துப் பன்னிரண்டு பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு ஜத்தூவுக்காக மன்னிப்புக் கேட்டு நம்ம வீட்டுக்கு வந்தார். ஜத்தூ வரல, வர மாட்டான், வழக்கம் அப்படி. நான் காப்பி ஊத்தினேன். ஹாஜி கிண்ணத்தை வாங்கிக் குடிக்காம முன்னால தரையில வெச்சுட்டார். நீ போய்ப் பதினோரு வருஷம் ஆனாலும் இது உனக்கு மறந்திருக்காது, கேட்டதைக் கொடுத்தாத்தான் அவங்க குடிப்பாங்க, வீட்டுக்காரன் வாயால குடிங்கன்னு சொன்னாலோ கையால எடுத்துக் கொடுத்தாலோ கேட்டதைக் கொடுத்தாச்சுன்னு கணக்கு, அதுக்கப்புறம் பேச்சு இல்ல. நான் என்ன சொல்லணும்னு நானும் உன் அம்மாவும் ரெண்டு நாள் பேசி முடிவு பண்ணியிருந்தோம். காப்பி அங்கேயே இருக்கட்டும் ஹாஜி, அவன் இங்க வந்து நான்தான் எழுதினேன்னு தன் வாயால சொல்லட்டும், யாருகிட்ட கொடுத்தான், பிள்ளையை எங்க கொண்டு போனாங்கன்னு சொல்லட்டும், அப்புறம் யோசிப்போம், இவ்வளவுதான். நான் மனப்பாடமே பண்ணி வெச்சிருந்தேன். உன் அம்மா அதைக் கேக்கறதுக்காகத் திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தா.

ஹாஜி ரொம்ப அழகாப் பேசினார். அபூ குதைபா, அபூ குதைபான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிள்ளை பேரைச் சொல்லித் தகப்பனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்காகத்தான் மன்னிப்பும் கேக்கறார், நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் போதும், ஊர் ஒண்ணா வாழணும்னார். பேச்சு முடியற நேரத்துல அவருக்கு இருமல் வந்திருச்சு. சாதாரண இருமல் இல்ல மைஸூன், மூச்சு நின்னு முகம் நீலமாப் போச்சு, கை தரையில எதையோ தேடுது. நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியாது, முன்னால ஆறிக் கிடந்த கிண்ணத்தை எடுத்து அவர் கையில கொடுத்துட்டேன். நாப்பது வருஷமா வர்றவங்களுக்கெல்லாம் ஊத்திக் கொடுத்த கை, அது என்னைக் கேக்கல. அவர் குடிச்சார். குடிச்சதும் இருமல் அடங்கிச்சு, அப்புறம் எல்லாரும் ஒண்ணா எழுந்து அல்லா உன் முகத்தை வெளுப்பாக்கி மானத்தோட வைக்கட்டும் அபூ குதைபான்னு என் தோள்லயும் தலையிலயும் முத்தம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறக்கவே இல்ல. தண்ணிக் கூஜா என் முழங்காலுக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு, அவங்க போன பிறகுதான் கண்ணுல பட்டுச்சு. உன் அம்மா அவர் நடிச்சார்னு நினைக்கிறா. நடிக்கல, செத்துடுவாரோன்னு நான் பயந்தது நிஜம். ஆனா குடிச்சு முடிச்ச பிறகு, இது இருமலுக்குக் கொடுத்ததுதான்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எழுந்து முத்தம் கொடுத்தார்.

மூணாம் நாள், ஜத்தூ மேல எங்களுக்கு இனி வழக்கு இல்லைன்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொண்டு வந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். போடலைன்னா இந்த ஊர்ல யாரும் எனக்கு ஒரு கிண்ணம் நீட்ட மாட்டாங்க, என் வாசல்ல வந்து உட்கார மாட்டாங்க, கொடுத்த காப்பியைத் திரும்பப் பிடுங்கினவன்னு என் காலத்துக்குப் பிறகும் சொல்லுவாங்க. உன் அம்மாகிட்ட தாளை நீட்டினேன். அவ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, உன் முகத்தைப் பத்துப் பேர் முன்னால நான் கறுப்பாக்க மாட்டேன்னு சொன்னா. அதுதான் அவ என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. அன்னைக்குச் சாயங்காலமே காப்பிக் கெண்டியைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டா. இப்ப யார் வந்தாலும் டீதான்.

ஜத்தூ திரும்பவும் தெருவுல நடக்கிறான். பள்ளிவாசல்ல என் பக்கத்து வரிசையில நின்னு தொழுறான், சலாம் சொல்றான், தண்ணிப் பட்டியலை ஒட்டிட்டு உங்க முறை சனிக்கிழமை அபூ குதைபான்னு சொல்லிட்டுப் போறான். ஒரு நாள் நின்னு என் கையைப் பிடிச்சு, பிழை பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுவானோன்னு பார்த்தேன், ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் பார்க்கிறேன். சொல்லல. என்ன செஞ்சேன்னு அவன் வாயைத் திறந்து சொல்லவே இல்ல, அப்புறம் நான் மன்னிச்சது எதைன்னு எனக்கே தெரியல.

இதைவிடப் பெரிய பயம் வேற. உன் பெரியப்பா மகன் முஸன்னா, குதைபாவோட ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவன், சண்டையில தூக்கின துப்பாக்கியை இன்னும் ஒப்படைக்கல. ஃபைல் திறந்திருக்கிற வரைக்கும் என் கை மடியில இருக்கும் சித்தப்பான்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தான். காப்பி விஷயம் தெரிஞ்சதும் வந்தான். கத்தல, கத்தியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். நீங்க உங்க பங்கைக் கொடுத்துட்டீங்க, என் பங்கை நான் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு நோட்டைக் காட்டினான். ஜத்தூ பேரு, அவன் தம்பிங்க ரெண்டு பேர், மச்சான், கடைசியில மூத்த மகன் பேரு. அந்தப் பிள்ளைக்குக் குதைபாவைப் பிடிச்சப்ப நாலு வயசு, இப்ப பதினாறு. எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போறான், எந்த வழியாப் போறான்னுகூட எழுதியிருந்தான். மைஸூன், நான் ரெண்டு தாளையும் பார்த்தவன். கையெழுத்துதான் வேற, எழுதியிருக்கிறது ஒண்ணுதான். முஸன்னாகிட்ட அதையே சொன்னேன். அவன் முகம் மாறிச்சு, ஆனா நோட்டை மூடிச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டான். மைஸூன் கையெழுத்துப் போடுற வரைக்கும் பொறுக்கிறேன், அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

ஏன்னா தெராவுல அந்த வக்கீல் பொண்ணு பத்திரத்தை வாங்கிப் பார்த்துட்டு, தகப்பன், தாய், கூடப் பிறந்தவ மூணு பேரும் போடணும், ஒண்ணு குறையுது, அது வர்ற வரைக்கும் ஃபைல் அப்படியேதான் இருக்கும்னு சொல்லிட்டா. குறையறது உன்னோடது. ஹாஜி ஷிப்லி அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு உனக்கு போன் பண்ணுவார். லீன் எப்படி இருக்கா, பல் முளைச்சுதான்னு கேப்பார், நல்ல மனுஷன், நெஜமாவே அக்கறையாத்தான் கேப்பார். அப்புறம் உன் தகப்பன் தன் கையால எடுத்துக் கொடுத்தாரும்மா, பொண்ணு அதை மீறலாமான்னு சொல்லுவார். நீ போடாதே. அவரைத் திட்டாதே, நீங்க இருமினீங்க ஹாஜி, என் அப்பா குடிக்கக் கொடுத்தார்னு மட்டும் சொல்லு. ஜத்தூ நீதிபதி முன்னால நின்னு தான் எழுதினதைத் தானே சத்தமாப் படிக்கட்டும், பதினெட்டு வீட்டுக்காரங்களும் உட்கார்ந்து கேக்கட்டும். அவன் தூக்குல தொங்கணும்னு நான் கேக்கல. அவன் மகன் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குத் திரும்பி வரணும், அதையும் சேர்த்துத்தான் கேக்கறேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கினப்ப என் திட்டம் வேற. நீயே வீம்பாப் போட மாட்டேன்னு சொன்ன மாதிரி இருக்கட்டும், நான் வாக்குக் கொடுத்தேன் பொண்ணு கேக்கலைன்னு ஊர்ல கையை விரிச்சுடலாம், படிச்சதும் இதைக் கிழிச்சுப் போடுன்னு எழுத இருந்தேன். எழுதி இவ்வளவு தூரம் வந்த பிறகு வெக்கமா இருக்கு. ஒரு தாளை எழுதி, பேரைப் போடாம, பழியை அடுத்தவன் தலையில விழ வைக்கிறவன் நம்ம தெருவுல ஏற்கனவே ஒருத்தன் இருக்கான். கிழிக்காதே. ஹாஜி போன் பண்ணினா இதை அவருக்கு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுக் காட்டு. கிண்ணம் நீட்டாதவங்க நீட்டாம போகட்டும், எழுபது வயசு வரைக்கும் குடிச்சாச்சு. உன் அம்மாகிட்ட மட்டும் நீ முதல்ல சொல்லிடு, நான் சொன்னா அவ காதுல ஏறாது.

அல்லா உன்னையும் உன் வீட்டையும் கெட்ட கண்ணுல இருந்தும் கெட்ட சேதியில இருந்தும் காப்பாத்தட்டும், லீனுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். அம்மாவோட மூட்டு வலி மாத்திரை அட்டை ரெண்டு, வர்றவங்க யாருகிட்டயாவது கொடுத்து விடு. வெள்ளிக்கிழமை போனைப் பக்கத்துல வெச்சுக்கோ.

இதை எழுதினவன்,
உன் அப்பா,
சுலைமான், குதைபாவின் தகப்பன்.