பானட்டில் ஒரு ஓட்டை

ஆகஸ்ட் 5, 1979

இன்றும் கார்ப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் தோற்றேன். என் கணவன் மைலோவுக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து எங்கள் நோவா காரை ஓட்டுவது நான்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவள், நாற்பத்தெட்டு வயது, பதினோரு வருடமாகப் பந்தயத் திடலில் மடக்கு நாற்காலி போட்டுப் புத்தகம் படித்தவள்.

பட்டியலில் பன்னிரண்டாவது இடம். செப்டம்பர் முடிவில் முதல் பத்துக்குள் இருப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அவர்களுக்கு மட்டும் சிவப்பு ஜாக்கெட். அந்தப் பதினோரு வருடமும் மைலோவின் கண் அதன் மேல்தான்.

ஆகஸ்ட் 12

மைலோ கராஜில் ஏதோ செய்கிறான். என்னவென்று கேட்டால் விசில் அடிக்கிறான்.

ஆகஸ்ட் 14

தெரிந்துவிட்டது. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கார்புரேட்டர். பெரிய கோழிக்கூடு மாதிரி இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பானட் மூடாது.

"ஒத்தக் கார்புரேட்டர் ஜலதோஷம் புடிச்ச மூக்கு மாதிரி, ஆர்லீன். இன்ஜின் நல்லா மூச்சு விட வேண்டாமா?"

"மனுஷனுக்கு மூக்கு ஒண்ணுதானே மைலோ."

"ஓட்டை ரெண்டு!"

இதற்காகத் தயாராகவே இருந்திருக்கிறான். பானட்டை வெட்ட அனுமதி கேட்டான். கார் என் பெயரில் இருக்கிறது. முடியாது என்றேன். பரிசோதனைக்கு மட்டும் பானட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.

ஆகஸ்ட் 19

இரட்டையோடு ஆறு ஓட்டம், ஒவ்வொன்றும் கால் மைல், நேரம் விநாடியில். 11.84, 11.97, 11.79, 11.90, 12.01, 11.82. ஒற்றையில் 12.40-ஐச் சுற்றியே நிற்கும், விநாடியில் நூறில் இரண்டு மூன்று பங்குதான் அங்கே இங்கே போகும். இது வேகம், ஆனால் சொன்ன பேச்சு கேட்காது. கிளம்பும்போது இருமல், பாதி தூரத்துக்கு மேல் பேய்.

மூன்றாவது ஓட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் யாரோ கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. நான்தான். மைலோவிடம் நேரங்களை மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 26

இரட்டையோடு பந்தயத்திலேயே இறங்கி, அதிவேகமாகப் போய்த் தோற்றேன்!

கார்க் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 11.90 என்று எழுதினேன். ஓடியது 11.81. அவுட்.

ஸ்டான் ஹ்ருஸ்கா வேலி மேல் சாய்ந்து காத்திருந்தான். தீவனக் கடைக்காரன். அவன் கார் பானட்டிலும் இரட்டை, கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். "என்னம்மா புரொஃபசரம்மா, எழுதின நம்பரை வாசிக்கத் தெரியலையா?"

நான் சிரித்துவிட்டேன். ஏன்? தோற்றுவிட்டு யாராவது சிரிப்பார்களா?

ஆகஸ்ட் 27

வேகமாகப் போனவள் எப்படித் தோற்பாய் என்று மதிய உணவின்போது ஆய்வுக்கூடத்தில் ஜோய்ஸ் கேட்டாள், விளக்கினேன். எத்தனை விநாடியில் கால் மைலை முடிப்போம் என்று நாமே எழுத வேண்டும். இரண்டு பேர் எழுதியதற்கும் எத்தனை விநாடி வித்தியாசமோ, அத்தனை விநாடி முன்னதாக மெதுவான காரை விடுவார்கள். முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் ஜெயித்தார். ஆனால் எழுதியதைவிட வேகமாகப் போனால் அவுட்.

"அப்போ நீ சைக்கிள்லயே போகலாமேடி," என்றாள்.

கணக்குப்படி சரி. அதைத்தான் மைலோவுக்குப் புரியவைக்க வேண்டும்.

செப்டம்பர் 2

வரைபடத்தாளில் போட்டுக் காட்டினேன். ஒற்றையின் புள்ளிகள் ஒரே கொத்து, இரட்டையின் புள்ளிகள் சிதறிய சோளம். மைலோ தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"சிதறினதுதான் பாக்க அழகா இருக்கு."

"ஜாக்கெட் வேணுமா, அழகு வேணுமா?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு ஒப்பந்தம். ஒற்றையோடு ஓடி நான் பத்துக்குள் வராவிட்டால் பானட்டை அவன் இஷ்டத்துக்கு வெட்டலாம். வந்துவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"எத்தன நாளைக்கு?"

"சாகிற வரைக்கும்."

"யாரு சாகிற வரைக்கும்?"

செப்டம்பர் 16

நான்கு சுற்று ஜெயித்தேன். பதினொன்றாவது இடம். பத்தாவது இடத்தில் ஸ்டான்!!

நான் ஆச்சரியக்குறி போடுகிறவள் இல்லை.

செப்டம்பர் 29

நாளை கடைசி நாள். கோலாச்சி சுட்டேன், நடுவில் இனிப்புப் பூரணம் வைத்த பன், பாதிக்கு பிளம், பாதிக்குக் கசகசா. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேன். ஒரு தட்டு கரி. மைலோ கரியையும் தின்றான். அவனுக்குத்தான் அதிக பயம்.

செப்டம்பர் 30

நின்றுகொண்டே பானட் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன், எழுத்து மன்னிக்கப்பட வேண்டும். யார் மன்னிக்க? நான்தானே படிக்கிறேன்.

மூன்றாம் சுற்றில் எனக்கு எதிரே ஸ்டான். ஜெயிக்கிறவருக்குப் பத்தாவது இடம்.

மாலை நான்கு மணிக்கு வடக்கிலிருந்து காற்று திரும்பியது. ஆய்வுக்கூடத்து வெப்பமானியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அரை மணியில் ஒன்பது டிகிரி இறக்கம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்கு விருந்து. கண்ணாடியில் இருந்த 12.41-ஐ அழித்து 12.37 என்று எழுதினேன். ஸ்டான் பார்த்தான்.

"பயந்துட்டியா, புரொஃபசரம்மா?"

"நீங்களும் மாத்திடுங்க ஸ்டான். குளிருது."

"எனக்குக் குளிரலையே!" என்று சட்டைக் கையைச் சுருட்டினான். அவன் கண்ணாடியில் 11.60 அப்படியே.

பச்சை விளக்கு. நான் முதலில் கிளம்பினேன். பாதியில் பின்னாலிருந்து அவன் சத்தம். முக்கால் தூரத்தில் பக்கத்தில். கோட்டில் என்னைத் தாண்டிவிட்டான், ஒரு பானட் நீளம். போச்சு. எல்லாம் போச்சு, பதினோரு வருஷம் போச்சு, அந்த மனுஷன் முகத்த எப்படிப் பாக்குறது—

ஜெயித்ததற்கான விளக்கு என் பக்கம் எரிந்தது.

அவன் ஓட்டம் 11.52, எழுதியதைவிட வேகம். அந்தக் குளிரை இரண்டு கார்புரேட்டரும் போட்டி போட்டுக் குடித்திருக்கின்றன. என்னுடையது 12.38.

மைலோ நல்ல கையால் என் ஹெல்மெட்டைத் தபேலா மாதிரி தட்டினான். அழுதானா சிரித்தானா தெரியவில்லை. ஸ்டான் வந்து, மைலோ தின்று மிச்சம் வைத்த ஒரு கரிந்த கோலாச்சியை எடுத்துக் கடித்து, "இதுக்கு நான் தோத்ததே பரவாயில்ல," என்றான்.

அக்டோபர் 9

ஜாக்கெட் வந்தது. ஓட்டுநர் பெயர் தைத்திருக்கிறது, மார்பில், மஞ்சள் நூலில்: ஆர்லீன். ஆண்கள் அளவு. என் முழங்காலைத் தொடுகிறது.

மைலோவுக்குக் கச்சிதம்.

அக்டோபர் 14

மாநிலப் போட்டி. முதல் சுற்றிலேயே வெளியே. முந்தின இரவு தூக்கம் வராததில் கண்ணாடியில் தப்பாக எழுதியது நான். போய் வந்த முந்நூறு மைலும் பாடிக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 20

மளிகைக் கடைக்கு, முடிவெட்டும் கடைக்கு, வங்கிக்கு, எங்கே போனாலும் மைலோ ஜாக்கெட்டோடுதான். வங்கியில் புதிதாக வந்த பெண் "குட் மார்னிங், ஆர்லீன்" என்றாளாம். "குட் மார்னிங்" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

கொடுத்த வாக்கையும் காப்பாற்றுகிறான். இரட்டையைத் துடைத்து, எண்ணெய் பூசி, பழைய தலையணை உறையால் மூடி கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் உள்ளே போனால் வேறு பக்கம் பார்க்கிறான்.

அக்டோபர் 21

காலையில் கராஜுக்குப் போய்ச் சாக்கட்டியும் அளவுகோலும் எடுத்தேன். நோவாவின் பானட் மேல் ஒரு நீள்சதுரம் வரைந்தேன். மைலோ காபிக் கோப்பையோடு வாசலில் நின்றான். பேசக் கூடாதே, அதனால் புருவத்தை மட்டும் தூக்கினான்.

"பேசலாம்," என்றேன்.

"உன் கணக்குப்படி ஒத்ததானே சரி?"

"கணக்குப்படி சரிதான்."

"அப்புறம்?"

ஆகஸ்ட் 19, மூன்றாவது ஓட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்ட சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

நீள்சதுரத்தை இன்னும் ஒரு அங்குலம் பெரிதாக்கிவிட்டு, ரம்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.