பவுடர் டப்பாவில் இருந்த மாத்திரை

அண்ணி,

பள்ளி ஆண்டு விழாவுக்கு உங்கள் மகளுக்குப் பவுடர் பூசப் பீரோவைத் துழாவினேன். உங்கள் பழைய டப்பா கிடைத்தது. திறந்ததும் அந்த ரோஜா வாசனை. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

வலிப்பு மாத்திரையை அதில்தான் ஒளித்து வைத்திருந்தீர்கள். பெண் பார்க்க நாங்கள் பெண்ணாடம் வந்தபோது உங்கள் வீட்டில் அந்த நோயை மறைத்தார்கள். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தபின் நீங்களும் மறைத்தீர்கள். பவுடர் பூசும் சாக்கில் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். "அண்ணிக்கு மேக்கப் ஜாஸ்தி" என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

2005இல், மசக்கை இன்னும் தீராத ஒரு காலையில், துணி துவைக்கும் கல்லருகே விழுந்தீர்கள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. வீட்டில் நாம் இருவர் மட்டும். உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். நினைவு திரும்பியதும் நீங்கள் முதலில் தொட்டது வயிற்றை.

"மாத்திர புள்ளைக்கு ஆவாதுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. அதான் நிறுத்திட்டேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதடி, பெண்ணாடத்துக்கே அனுப்பிடுவாங்க."

சொல்லிவிட்டேன். அண்ணன் உங்களைப் பெண்ணாடத்துக்கு அனுப்பவில்லை. சிதம்பரத்துக்கு, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் வந்தேன்.

"சில மாத்திர புள்ளைய பாதிக்கும், நெசந்தான். ஆனா நீயா நிறுத்துனா வலிப்பு வந்து ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா. எத மாத்தணும், எவ்ளோ குடுக்கணும்னு நாங்க பாத்துக்கறோம்."

இத்தனை சொன்னதில் 'பாதிக்கும்' மட்டும்தான் நம் காதில் நின்றது. ஸ்கேன் எடுக்கும் போதெல்லாம் என் கையை நெரித்தீர்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு வயிற்றைத் தடவி மன்னிப்புக் கேட்பீர்கள். எனக்கும் பயம்தான். உங்களுக்குத் தெரியக் கூடாதென்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்றார்கள். ஆனால் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். "மாத்திர மயக்கம், தெளிஞ்சிடும். டாக்டர் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க" என்ற நர்ஸ், உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பச் சொன்னார். நீங்கள் மடியில் வைத்திருக்க, நான் சுரண்டினேன். அசையவில்லை. மறுபடி சுரண்டினேன். ஒருவழியாக வீறிட்டு அழுதாள், பிறகு சப்பத் தொடங்கினாள். நாம் இருவரும் அவளைவிட அதிகம் அழுதோம்.

இரண்டாவது முறை உண்டானபோது உங்கள் அம்மா வீட்டில் இருந்தீர்கள். "ஒருதடவ தப்பிச்சிது. எல்லா தடவையும் தப்பிக்குமா?" என்று போனில் கேட்டீர்கள்.

"நிறுத்திடாதீங்க அண்ணி."

"இல்லடி, போடறேன்."

குளிக்கப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தீர்கள். இந்த டப்பாவை என்னிடம்தான் கொடுத்தார்கள். சிதம்பரத்தில் வாங்கிய மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

உங்கள் மகள் ரெண்டாங்கிளாஸ் போகிறாள். லீவு நாளில் மத்தியானம் அசந்து தூங்குவாள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் எனக்குப் பொறுக்காது, போய் உள்ளங்காலைச் சுரண்டுவேன்.

"அத்த, வுடு! தூங்கறேன்ல" என்று காலை உதறுவாள்.

அந்தத் திட்டு விழும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை, அண்ணி.