அரசர் அனுப்பிய வாத்து

இன்று பின்னேரம் உங்கள் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அவருடைய கடை லட்டுப் பெட்டி. மூடியைத் திறக்குமுன்பே நெய்யும் ஏலக்காயும் மணத்தன.

நீங்கள் உயிரோடு இருந்தபோது, சென்ட் லோரன்ட் வீட்டில் அந்தச் சீனத் தொலைக்காட்சித் தொடரை ஒரு நாளும் தவற விடமாட்டீர்கள். ஏழை உழவன் ஒருவன் அரசனாகிறான். அவனோடு சிறுவயதில் திரிந்த சிநேகிதன் தளபதியாகி, ஊர் ஊராகப் பிடித்துக் கொடுத்து மிங் வம்சத்தையே நிலைநிறுத்துகிறான். "பிடிச்ச ஊரில ஒரு வீட்டிலயும் களவெடுக்க விடேல்லை, பாரும்" என்று சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வீர்கள். கடைசியில் அந்தத் தளபதி முதுகில் கட்டியோடு படுத்திருக்கிறார். வாத்திறைச்சி கூடவே கூடாது என்கிறார் வைத்தியர். அரசர் அனுப்புவதோ அவித்த வாத்து. கொண்டுவந்த ஆள் பார்த்து நிற்க, தளபதி அழுதுகொண்டே தின்று முடிக்கிறார். "இது கட்டுக்கதையாயும் இருக்கலாம்" என்றீர்கள், கண்ணைத் துடைத்தபடி.

நீங்களும் இந்தக் கூட்டாளிக்குக் கடை கடையாகப் பிடித்துக் கொடுத்தவர்தானே. விடியமுன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி ஏற்றியது நீங்கள், கொட்டும் பனியில் வான் ஓட்டியது நீங்கள். கர்க்லாண்டில் மூன்றாவது கடை திறக்குமுன், "உனக்கு ஏலாதுதானே, ஆறுதலா இரு" என்று உங்களிடமிருந்த கடைக்கதவுத் திறப்புக் கோர்வையை வாங்கிக்கொண்டார். திறப்புவிழாவுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லட்டு மட்டும் ட்ரைவரிடம் வந்தது. சீனி வியாதியால் உங்கள் கால்புண் ஆறாமல் கிடந்த நேரம் அது.

"குப்பையில போடுங்கோ" என்றேன்.

"அவன் அனுப்பினதை எப்படியப்பா வேண்டாமெண்டுறது?"

ட்ரைவருக்கு முன்னால் நின்றுகொண்டே தின்றீர்கள். ஒரு லட்டால் யாரும் சாவதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் செத்தவீட்டில் அவர் "என்ரை வலது கை போயிட்டுது" என்று குழறி அழுதபோது, பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது.

இன்று அவர் தன் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்டு வந்தார். பிள்ளைகள் விரும்பிவிட்டார்களாம். அந்தத் தளபதியின் மகளையும் அரசர் தன் மகனுக்குத்தான் எடுத்தார் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"அப்பா இருந்தா ஓம் எண்டுதானம்மா சொல்லியிருப்பார்" என்றாள் மகள், நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்ற குசினிக்குள் வந்து. உண்மைதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் திரும்பி வந்ததும், "எடுங்கோ தங்கச்சி" என்று அவர் என்னிடம் பெட்டியை நீட்டினார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நான் விழுங்கும்வரை அவர் பார்த்திருந்தார்.

இனிப்பாகத்தான் இருந்தது. அன்று மறுக்காமல் தின்ற உங்களை மன்னிக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.