கீழே போன ரத்தம்

ஆனி 11, திங்கள்

காலையிலிருந்து மலையில் தூறல். எதிர்க்காடு தெரியவில்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் வரவில்லை.

பக்கத்து ஊட்டுப் பாவாயி கீழே சேந்தமங்கலம் போய் வந்தாள். உப்பு, சீயக்காய், ஒரு சேதி. என் தங்கச்சி நல்லம்மாளைப் பார்த்தாளாம்.

"காலுல கட்டுப் போட்டிருக்குதுக்கா. சக்கரைப் புண்ணாம். மவன் வெளிநாட்டுலருந்து சக்கரை பாக்கற மிஷின் வாங்கி அனுப்பியிருக்கறான். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அதுவே குத்திப் பாத்துக்குது."

"பாக்கட்டும். எனக்கென்ன."

"உன்னையக் கேட்டுது. அக்காளுக்கு எவ்வளவு இருக்குதுன்னு."

முறத்தை எடுத்தேன். சாமையில் கல் நிறைய.

தினமும் பார்க்கிறவளுக்குக் காலில் புண். மாதம் ஒரு குத்து, அதுவும் நர்ஸ் வந்தால்தான், எனக்கு ஒன்றுமில்லை. கேட்டவுடன் கொஞ்சம் சந்தோஷம். பொழுது இறங்குவதற்குள் அது போய்விட்டது. எந்தக் கால் என்று பாவாயியிடம் கேட்டிருக்கலாம்.

ஆனி 12, செவ்வாய்

மழை இல்லை. குளிர்.

வியாழக்கிழமை நர்ஸ் வரும் நாள். ஊரில் சர்க்கரைக்காரப் பொம்பளைகள் எல்லாரும் இன்றைக்கே வாயைக் கட்டிவிட்டார்கள். சாமைச்சோறு அரை வயிறு, பாகற்காய், சர்க்கரை போடாத டீ. பாவாயி டீயும் இல்லை. பரீட்சைக்குப் போவது போல. நம்பர் குறைந்தால் நர்ஸ் மெச்சும், கூடினால் எல்லார் எதிரிலும் திட்டும். மற்ற நாளில் என்ன தின்றோம் என்று யாருக்குத் தெரியப்போகிறது. நானும் அப்படித்தான். போன மாதம் நூற்றி முப்பது. நர்ஸ் மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டது.

போன வருடம் ஒரு தடவை பாவாயிக்கு எகிறிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை பார்க்கிற டெஸ்டுக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். அது இங்கே எடுப்பதில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான் நல்லம்மா ஊடு.

சீட்டு இருந்தால் போகலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவள் எட்டிப் பார்த்தேன் என்று ஆகும். நானாகத் தேடிப் போனதாக ஆகாது.

ஆனி 13, புதன்

வெயில். பலா இறக்கினோம். நல்ல பழம்.

சாப்பிட்டேன். தேன் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மருமகள் பார்த்துவிட்டாள். "ஏனுங்கத்தை, நாளைக்கு நர்ஸம்மா வருதுங்க! நேத்தெல்லாம் பட்டினி கெடந்துபோட்டு இன்னைக்கு இப்படித் திங்கறீங்க?"

"வாய் கேக்குது. போ."

நல்லம்மா சின்னப்பிள்ளையில் கைக்கு எண்ணெய் தடவாமலே பழத்தில் கை வைப்பாள். விரலெல்லாம் பிசின். அழுவாள். நான்தான் விரல் விரலாகத் துடைத்துவிடுவேன். வலது சுண்டுவிரல் நகம் அவளுக்குக் கொஞ்சம் கோணல்.

வைத்தியம் பார்க்கிறேன் என்று அம்மாவைக் கீழே கூட்டிப்போனவளும் அவள்தான். "என்னைய மேல கொண்டுபோய் உடு" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததாம். கொண்டுவரவில்லை. கீழேயே உயிர் போனது, கீழேயே புதைத்தார்கள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர்ச் சேலை. சாவு ஊட்டில் மாம்பழக் கலர். உன் ஊட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சனம் பார்க்கச் சொன்னேன். மிதிக்கவில்லை.

இன்னும் நாலு சுளை.

ஆனி 14, வியாழன்

மூடுபனி. காலையில் பழமும் வெல்ல டீயும்.

முன்னூற்றி இருபது.

நர்ஸ் நாகர்கோவில்காரப் பிள்ளை. மிஷினை இரண்டு தடவை தட்டிப் பார்த்தது. "ஏ பாட்டி! போன மாசம் நூத்தி முப்பதுல்லா? என்னத்தத் தின்னீய?"

"பலாப்பழம், சாமி. போன மாசம் பட்டினி கெடந்தேன், அதான் கம்மி."

சொல்லியிருக்கக் கூடாது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை. பாவாயி இடுப்பில் கிள்ளினாள். "வாய மூடுக்கா, எங்க சோத்துலயும் மண்ணப் போடாத."

நர்ஸ் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கா பரீச்ச எழுதுதீய? இத நம்பில்லா நான் மாத்திரயக் கொறச்சேன்? உங்க கண்ணு போனா நானா தருவேன்?" அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடம். "மூணு மாசச் சக்கர பாக்கணும். அதுல யாரும் ஏமாத்த முடியாது."

"எழுது கண்ணு. நாளைக்கே கீழ போறேன்."

"கீழ எதுக்குப் போவணும்? இப்பல்லாம் இங்கயே ரத்தம் எடுத்து ஜீப்புல அனுப்புதோம். வயசான காலத்துல நீங்க அலைய வேண்டாம்."

கை நரம்பில் எடுத்தது. சின்னக் குழாய், மேலே என் பெயர், ஐஸ் பெட்டி. ஜீப் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஒரு குழாய் ரத்தத்துக்கு அதில் இடம் இருந்தது.

ஊட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஆனி 15, வெள்ளி

மழை. வேலை எதுவும் ஓடவில்லை. மாத்திரை பழையபடி இரண்டு.

அது வலது காலா, இடது காலா.

ஆனி 16, சனி

சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் ஏறும்போது கண்டக்டர், "எங்க அம்மாயி, ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றான். வாய் ஆமாம் என்று சொல்லத் திறந்தது.

"தங்கச்சி ஊட்டுக்கு."

 அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கதவு திறந்திருந்தது. வாசப்படியை மிதிக்கவில்லை. தாண்டினேன். மிதிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கால். தலை முழுக்க நரை. என்னைவிடக் கிழவி மாதிரி இருக்கிறாள்.

அவள்தான் முதலில் கேட்டாள்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"முன்னூத்தி இருவது."

"அடி பாவி. கையக் குடு."

காலையில் சாப்பிடவில்லை என்றேன். மிஷினை எடுத்தாள். விரலைப் பஞ்சால் துடைத்தாள், குத்தினாள். இருநூற்றிப் பத்து. பார்த்த பிறகும் விரலைப் பிடித்தபடியே இருந்தாள். நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

"வெறும் வயித்துலயே இப்படி. சாப்புட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு மறுக்காக் குத்திப் பாக்கோணும். அப்பத்தான் நெசம் தெரியும். அது வரைக்கும் எங்கயும் போகப்படாது."

"உனக்கு எதுக்கு இத்தனை குத்து? குத்தியும் காலு இப்படி இருக்குது."

"குத்தறதாலதான் காலு இன்னும் இருக்குது. பேசாம உக்காரு."

இப்போது நொண்டிக்கொண்டே சோறு வடிக்கிறாள். எழுந்து போனால் திட்டுகிறாள். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிச் சாப்பிட்டதும் கேட்பேன். கேட்காமல் விடமாட்டேன்.

மேலே போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காதில் விழாதது போல ரசத்துக்குத் தாளிக்கிறாள்.