பத்துக் கடைப் பட்டியல்

என் தோழிக்கு,

இன்று காலை உன் சில்வர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். எத்தனை தரம் தேய்த்துக் கழுவினாலும் மூடி விளிம்பில் மாசிக் கருவாட்டுச் சம்பல் மணம் போவதில்லை. சாப்பிடுவதற்காகத் திறக்கவில்லை. மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடக்கிறது. அதை நிரப்பப் பயந்துதான் திறந்தேன்.

ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் சுற்றாடல் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சி வேலை. வணிக முகாமைத்துவம் படித்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். 'சுற்றாடலுக்காக நீங்கள் செய்த ஒரு காரியத்தை எழுதுக' என்று ஒரு கேள்வி. எழுத என்னிடம் எங்கள் திட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்குள் நான் உனக்குச் சொல்லாத ஒரு பொய்யும் இருக்கிறது.

அது தொடங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். பஸ் நிலையத்தடியில், எங்கள் நகருக்குள் திரிகிற மான்களில் ஒன்று லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது, அதுதான், கடையில் சோறு சுற்றித் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள். நீ ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுத்தாய். மானும் விடவில்லை, நீயும் விடவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கிழிந்த பாதித் தாளோடு திரும்பி வந்து, "மத்தப் பாதி அதுட வயித்துக்குள்ள போயிட்டு புள்ள" என்றாய். அழுகிற முகம். அடுத்த நாள் கிண்ணியாவிலிருந்து வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவந்தாய். ஒன்று உனக்கு, மற்றது மறதிக்காரியான எனக்கு.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பெட்டியிலேயே கடைக்காரர் சோறு போட்டுத் தரவேண்டும். இதுதான் எங்கள் இறுதியாண்டுத் திட்டம். சம்மதித்த பத்துக் கடைகளின் பட்டியலை இணைக்க வேண்டியிருந்தது. அன்று நீ உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாய். நான் தனியே அலைந்தேன். கொளுத்துகிற வெயில். மூன்று கடையில் கேட்டேன். மூன்றாவது கடைக்காரர் ஏசி ஏசித்தான் ஒத்துக்கொண்டார். அதோடு எனக்குப் போதுமென்றாகிவிட்டது. கடற்கரைக் கட்டுச் சுவரில் போய் இருந்து, மற்ற ஏழு கடைப் பெயர்களையும் நானே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 'சம்மதம்' என்று போட்டேன்.

"பத்துக் கடையும் ஓம் எண்டு செல்லிட்டாங்க" என்று, திட்டத்தைச் சமர்ப்பித்த அன்று நீ வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாய். எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

இரண்டு கிழமை கழித்து அந்த ஏழில் ஒரு கடைக்குப் பெட்டியோடு போய்விட்டு வந்தாய். "கடைக்காரருக்கு மறந்துபோச்சு போல. பரவால்ல, நான் திரும்பக் கேட்டுட்டன்" என்றாய். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் பஸ் பிந்துவதைப் பற்றிக் கதைத்துச் சமாளித்தேன்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஒரே கிழமையில் நீ இல்லை. நீ தந்த பெட்டி என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது உன் உம்மா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சிக்கங்க மகள்" என்றார்.

போன கிழமை இந்தப் படிவம் வந்ததும், பட்டியலையாவது உண்மையாக்குவோம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் கடையில் நான் வாய் திறக்குமுன்னே முதலாளி பெட்டியைப் பார்த்துவிட்டார். "இதே மாதிரிப் பெட்டியோட ஒரு பிள்ளை வந்து கேட்டவ. போன வருசமே ஓம் எண்டு சொன்னனான். அவ ஏன் இப்ப வாறேல்ல?" அடுத்த கடையிலும் இதே கதை. இன்னொருவர் சிரித்தார்: "ரெண்டு தரம் ஏலாது எண்டு அனுப்பினனான். மூண்டாந் தரம் வந்து கதிரையில இருந்திட்டா. ஓம் எண்ட பிறகுதான் எழும்பினவ."

ஆறு கடைகள். ஆறிலும் நீ போயிருக்கிறாய். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை? ஏசியிருந்தால் நானும் உன்னோடு வந்திருப்பேனே. நீ காத்திருந்தாயா, நானாகச் சொல்வேன் என்று?

ஏழாவது கடை உப்புவெளியில், என் வீட்டுக்குக் கிட்ட. அந்த அக்கா உன்னைக் கண்டதே இல்லை. அதற்குள் நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். "பெட்டிக்குள்ள போட்டா அளவு தெரியாது பிள்ளை, ஏலாது" என்று இரண்டு தரம் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

படிவத்தை இப்போதுதான் நிரப்பி முடித்தேன். 'மூன்று கடைகளை நான் கேட்டேன். ஏழு கடைகளைக் கேட்காமலே எழுதினேன். அதில் ஆறைப் பின்னர் என் தோழி போய்க் கேட்டு உண்மையாக்கினாள். ஒன்று இன்னும் பொய்.' எதிர்கால இலக்கு என்ற இடத்தில், நிறுவனங்கள் தாளில் எழுதுவதைச் செய்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்கிற வேலை செய்ய வேண்டும் என்று எழுதினேன். இதை வாசித்துவிட்டு எனக்கு வேலை தருவார்களோ தெரியாது. தராவிட்டாலும் நான் செய்யப்போவது அந்த வேலைதான்.

மத்தியானமாகிறது. பெட்டியைக் கழுவித் துடைத்துவிட்டேன். அந்த அக்காவின் கடைக்கு இன்று எனக்கு மூன்றாந் தரம். வாசலில் ஒரு கதிரை கிடப்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன்.